மூன்றாம் பக்கத்துக் கேள்வி

வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வெளிக்கு இருந்துவிட்டு வருவேன். இதை இப்படிப் பச்சையாகச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்திருக்கிறது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இரண்டு அறைகள். கதவில் ‘நுண்ணுயிர் வங்கி’ என்று எழுதியிருக்கும். முதல் அறைக்குள் ஒரு கக்கூஸ். எங்கள் வீட்டு அடுப்படியைவிடச் சுத்தமானது. பீங்கான் மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பொருத்தி வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் மூடியை அழுத்திப் போட்டு, சுவரில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து கிண்ணத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். அந்தப் பக்கம் லேப். அங்கே எடை போடுவார்கள். அறுபது கிராமுக்குக் குறைந்தால் அன்றைக்குப் போனது வீண். சுவரில் ஏழு படம் போட்ட அட்டை ஒன்று மாட்டியிருக்கும். ஆட்டுப் புழுக்கையில் ஆரம்பித்துத் தண்ணீரில் முடியும். மூன்றாவது படம் மாதிரியோ நாலாவது படம் மாதிரியோ இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். என்னுடையது எப்போதும் நாலு.

என்னை இதில் இழுத்துவிட்டவள் அக்கா. அந்த வெளுப்புக் கூடத்தில்தான் அவளுக்கு வேலை.

“டேய் தம்பி, உடம்புல ஒரு நோவும் இல்லாத ஆளா வேணுமாம்” என்றாள்.

“எதுக்கு?”

“வெளிக்குப் போறதுக்கு.”

“அதுக்கு எதுக்குக்கா தனியா ஆளு?”

“உனக்கு அதுல என்ன கஷ்டம்? சின்ன வயசுல ஒன்பது குடும்பத்துக்கு ஒரே கக்கூஸு. அவனவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நிப்பான். நீ மட்டும் போன வேகத்துல வெளிய வருவ. அந்தத் திறமை வீணாப் போகுதேடா.”

விளையாட்டாகத்தான் போனேன். ரத்தம் எடுத்தார்கள், மூக்கைக் குடைந்தார்கள், எங்கே எல்லாம் ஊர் சுற்றினேன், யார் யாரோடு படுத்தேன் என்பதுவரை கேட்டார்கள். நூற்றுப்பத்துப் பேரைச் சோதித்ததில் நாலே பேர் தேறினோம். பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் பரீட்சையிலும் தேறியவன் இல்லை. ஆறாவதை இரண்டு தடவை படித்துவிட்டு அப்பாவோடு மண் சுமக்கப் போனவன். நாற்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒன்றில் தேறியிருக்கிறேன், அதை யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாது.

லேப்பில் இருந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, கையுறை கழற்றிய விரல்களில் எப்போதும் மாவு மாதிரி வெள்ளைப் பொடி. முதல் நாள் “வாங்க சார்” என்றது. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. என்னை அதற்கு முன்னால் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, அதற்குப் பின்னாலும் வேறு யாரும் கூப்பிடவில்லை.

எதற்காக இதெல்லாம் என்று அந்தப் பெண்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது.

“நம்ம குடல்ல கோடிக்கணக்குல கிருமி இருக்கு சார். நல்ல கிருமி. வேற ஏதாவது நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிடறப்ப அதுவும் சேர்ந்து செத்துடும். மனை காலியாக் கிடந்தா எவனாவது வந்து குடிசை போட்டுடுவான்ல? அந்த மாதிரி ஒரு கெட்ட கிருமி வந்து உக்காந்துக்கும். மருந்து குடுத்தா போற மாதிரி போய்ட்டு மறுபடியும் வந்துடும். ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை பேதி. வயசானவங்க செத்தே போயிடுவாங்க. உங்க கிருமியை அவங்க குடல்ல குடி வெச்சா, அதுங்களே அவனை அடிச்சு விரட்டிடும்.”

“என் ஆளுங்க அவ்வளவு முரடுங்களா மேடம்?”

அது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தது.

நான் தள்ளிவிட்டதை உப்புத் தண்ணீரில் கரைத்து, சலித்து, சுற்றுகிற மிஷினில் வைத்து வண்டலை எடுத்து, ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு உறை போட்ட கேப்சூலில் அடைப்பார்கள். வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரைவதற்கு அந்த இரண்டாவது உறை. பிறகு ஐஸைவிடப் பல மடங்கு குளிர்ந்த ஃப்ரீசரில் இரண்டு மாதம் கிடக்கும். இரண்டு மாதம் கழித்து என்னை மறுபடி சோதித்து, எனக்குப் புதிதாக ஒரு நோயும் இல்லை என்று தெரிந்தால்தான் வெளியே எடுப்பார்கள். ஒரு நோயாளிக்கு முப்பது கேப்சூல்.

எனக்குச் சாரம் கட்டும் தொழில். கட்டடம் எழும்ப எழும்ப அதைச் சுற்றிக் கழி நட்டு, குறுக்குக் கழி போட்டு, கயிற்றால் பிணைத்துக்கொண்டே மேலே போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் என் பெயர் ஒட்டகம். உயரமும் கழுத்தும்தான் காரணம். பூச்சுக்காரர்களும் பெயின்ட்காரர்களுமாக நாற்பது பேர் நான் கட்டியதன்மேல் நின்று வேலை செய்வார்கள். யாரும் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுக் கால் வைக்க மாட்டார்கள். ஒட்டகம் கட்டியது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார்கள்.

எனக்குக் கீழே கட்டுகிறவர்களில் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், நாலாவது மாடி மூலையில் முடிச்சுப் போட்டாயா என்று கேட்டேன். “கட்டிட்டேண்ணே” என்றான். போய்ப் பார்த்தால் கயிறு சும்மா சுற்றிக் கிடந்தது. எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தேன். “கட்டலைன்னா கட்டலைன்னு சொல்லு. நான் கட்டிக்கறேன். கட்டாம கட்டிட்டேன்னு சொன்னா, மேல நிக்கிறவன் யாரை நம்பி நிப்பான்?” என்று கத்தினேன். அந்த ஒரு வார்த்தைக்காக ஊரெல்லாம் என்னை மெச்சினார்கள். ரேடியோ ஒரு வாரம் பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

இந்த ஆட்களுக்கு நான் காலையில் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று தெரியாது. அக்காவுக்குத் துணி மூட்டை தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். தெரிந்தால் ஒட்டகம் என்ற பெயர் அன்றைக்கே போய்விடும். அதற்குப் பதிலாக வரும் பெயர் நான் சாகும்வரை கூட வரும். பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குப் போகும்போது திருட்டு மாடு ஓட்டுகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் போவேன்.

மேஸ்திரியிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. உள்ளே மாத்திரைகள். எங்கள் ஆட்கள் யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய மாட்டார்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்து, டாக்டர் எழுதிக் கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிட்டால் மீதியைக் கொண்டுவந்து டப்பாவில் போடுவார்கள். யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெயரெல்லாம் யாருக்கும் தெரியாது. நிறம்தான் கணக்கு. வெள்ளை என்றால் காய்ச்சல். மஞ்சள் என்றால் வாந்தி. சிவப்பும் கறுப்புமாக இருக்கும் கேப்சூல் என்றால் சீழ்.

போன வருஷம் ஒரு துருப்பிடித்த ஆணி என் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியது. மூன்றாம் நாள் கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது.

“டாக்டர்ட்ட போனா ஒரு வாரம் படுக்கச் சொல்லுவான். அடுத்த மாடி எவன் கட்டறது?” என்றார் மேஸ்திரி. டப்பாவைத் திறந்து சிவப்புக் கறுப்பைக் கிள்ளிக் கொடுத்தார். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அஞ்சு நாளு. என் மச்சினிச்சிக்கு இதுலதான் பல் வீக்கம் வத்துச்சு.”

“பல்லுக்கும் காலுக்கும் ஒரே மாத்திரையா மேஸ்திரி?” என்றான் ரேடியோ.

“மாத்திரைக்கு என்னடா தெரியும், அது எங்க போயிருக்குன்னு?”

எடுத்துக்கொண்டேன். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் கேப்சூலை விழுங்கும்போதே அந்தப் பெண் சொன்ன காலி மனை ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாம் நாள் எனக்கே ஏழாவது படம். கால் வலி, பஸ் ஏற முடியவில்லை என்று அக்காவிடம் சொல்லியனுப்பிவிட்டு வங்கிக்குப் போகாமல் இருந்தேன். கால் வற்றியது. பதினோரு நாள் கழித்து எல்லாம் பழையபடி நாலாவது படத்துக்கு வந்தது. கிளம்பிப் போனேன்.

ஒவ்வொரு வாரமும் முதல் நாள் நாலு பக்கக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று அந்தப் பெண்ணே வாசித்து, நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளும். மூன்றாம் பக்கத்தில் ஆறாவது கேள்வி.

“கடந்த மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?”

ஆமாம் என்றால் என்ன ஆகும்? மூன்று மாதம் வர வேண்டாம் என்பார்கள். அவ்வளவுதான். அடிக்கப் போவதில்லை. ஆனால் மூன்று மாதத்துக்குள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். நான்கு பேரில் ஒருவன் என்பது போய்விடும். வெறும் ஒட்டகமாகிவிடுவேன். அந்தப் பெண் பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. கால் ஆறிவிட்டது, வயிறு சரியாகிவிட்டது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எந்தக் குறையும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“இல்ல மேடம்.”

“காலுல ஆணி ஏறினதுக்கு ஊசி, மாத்திரை எதுவும்…?”

“மஞ்சப் பத்து போட்டேன். அதுலயே வத்திடுச்சு.”

“உங்க உடம்பு அப்படி சார்” என்று சொல்லிக் குறித்துக்கொண்டது.

அதன்பின் விடாமல் கொடுத்துவந்தேன். முதல் மூன்று வாரம் கொடுத்ததை ஒரே பேட்ச் என்று சேர்த்தார்கள். எல்லாம் கேப்சூலாகி ஃப்ரீசருக்குப் போயின.

மூன்றரை மாதம் கழித்து ஒரு காலை. வங்கிக் கதவு இன்னும் திறக்கவில்லை. வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைக் காலர் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தொளதொளத்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பையின் வாயில் மடித்த பேன்ட் ஒன்று தெரிந்தது.

“தம்பி, கக்கூஸ் எந்தப் பக்கம்?”

நடைவழிக் கோடியைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கித் தூரத்தை அளந்தார். “நாப்பது அடி இருக்குமா?” என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பையிலிருந்த பேன்ட் இடுப்பில் இருந்தது. பழையது பைக்குள் போயிருந்தது. உட்கார்ந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவரே பேச ஆரம்பித்தார்.

“இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவன் தம்பி. ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. முட்டி ஆபரேஷனுக்கு மாத்திரை சாப்பிட்டேன், அதுல வந்தது இந்தச் சனியன். ஒரு நாள் நட்ட நடு ரோட்டுல, அறுபது பேரை ஏத்திக்கிட்டு… ஓரமா நிறுத்திட்டேன். நிறுத்தினேனே தவிர, சீட்டை விட்டு எந்திரிக்க முடியல. கடைசி ஆளு இறங்குற வரைக்கும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கறாங்க. என் பொண்ணு வயசுல ஒருத்தி, அவ மட்டும் தன் சால்வையை எடுத்து என் மடியில போட்டுட்டுப் போனா.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “இங்க புதுசா ஏதோ கேப்சூல் குடுக்கறாங்களாமே” என்றேன்.

“குடுத்தாங்க. முப்பது. அதுக்குள்ள என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“தெரியாம இருக்கறதே நல்லது. எவனோ ஒருத்தனோட… சரி விடு. வாசனை ஒண்ணுமில்ல, மனசுதான் குமட்டுது. கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினேன். பத்து நாள் நல்லா இருந்தேன். திங்கக்கிழமையில இருந்து வண்டி எடுக்கறேன்னு டிப்போவுலகூடச் சொல்லிட்டு வந்துட்டேன். பதினொண்ணாவது நாள் திரும்பப் பிடிச்சுக்கிச்சு. இன்னொரு தடவை குடுத்தும் நிக்கல, இன்னைக்கு வார்டுல சேரச் சொல்லியிருக்காங்க.” பையின் வாயை முறுக்கிக் கட்டினார். “அந்த ஆளு யாரோ, பாவம். அவன் நல்ல மனசோடதான் குடுத்திருப்பான். எனக்குத்தான் ஒட்டல.”

கதவு திறந்தது. நான் எழுந்து உள்ளே போனேன். உட்கார்ந்திருந்தால் அந்த பெஞ்சோடு பூமிக்குள் போயிருப்பேன்.

லேப்பில் வேறு ஒரு ஆள் இருந்தான். அந்தப் பெண் முன்னறை மேசையில், கையுறை இல்லாமல், ஒரு கட்டுக் காகிதத்தைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தது. விரலில் வெள்ளைப் பொடி இல்லை.

“என்ன மேடம், இங்க?”

“விசாரணை சார். முடியற வரைக்கும் லேப்புக்குள்ள போகக் கூடாதுன்னுட்டாங்க.” குரலைத் தணித்தது. “உங்க பேட்ச்ல ரெண்டு பேருக்குக் கேட்கல. ரெண்டு பேருமே திரும்ப விழுந்துட்டாங்க. மீதி கேப்சூலை உடைச்சுப் பார்த்தோம். இருக்க வேண்டிய நாலஞ்சு வகை கிருமி அதுல இல்லவே இல்ல. போன மாசம் ஒரு நாள் ஃப்ரீசர் கதவு சரியா மூடாம நாப்பது நிமிஷம் மணி அடிச்சிருக்கு. அன்னைக்கு நான்தான் டியூட்டி. உங்க தட்டு கதவுப் பக்கம் இருந்துச்சு. சூடு ஏறி செத்துடுச்சுன்னு சொல்றாங்க.”

“கதவை நீங்கதான் திறந்து விட்டீங்களா?”

“சாத்தின மாதிரிதான் ஞாபகம். ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ராத்திரியில எந்திரிச்சு வீட்டுக் கதவைச் சாத்தினேனான்னு போய்ப் பார்க்கறேன்.” அது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னது: “உங்க மேல எதுவும் இல்ல சார். நீங்க நல்லபடியாத்தான் குடுத்தீங்க. காப்பாத்தி வெக்கத் தெரியாதது நாங்க.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு என் வயிறு அசையவில்லை. காலிக் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தேன்.

நான்கு நாள் வேலைக்கு மட்டும் போய் வந்தேன். ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கால்களை வெந்நீர்ப் பாத்திரத்தில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரத்துத் தண்ணீரைக் காலால் அளைந்துகொண்டே கேட்டாள்.

“அந்த வார்டுல இருந்து வர்ற படுக்கைத் துணியை யாரு அலசறான்னு நெனச்ச?” என்றாள் கடைசியில். “நான்தான்டா. அந்த ரெண்டு பேரோடதும் என் கையிலதான் வருது. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஆறு விரிப்பு.”

“தெரியாமக்கா…”

“தெரிஞ்சுதான். தெரியாமன்னு சொல்லாத.” தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள். “உன் பேரை நான் சொன்னப்ப அந்தப் பொண்ணு கேட்டுச்சு, உங்க தம்பி நம்பிக்கையான ஆளாம்மான்னு. சாரம் கட்டறவன்மா, அவன் முடிச்சை நம்பி நாப்பது பேரு மேல நிக்கறாங்கன்னேன். நான் சொன்னதுடா அது. என் வாயால.”

“நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்.”

“வெறுங்கையோட போய் என்ன சொல்லுவ? செவப்பு, கறுப்புன்னா? அந்தப் பொண்ணைக் காப்பாத்த நீ பொய் சொல்றேன்னுவாங்க. மாத்திரை அட்டையோட போ. என்னைக்கு முழுங்கினன்னு தேதியோட போ.”

அட்டை மேஸ்திரியின் டப்பாவில் இருந்தது. தேதி மேஸ்திரியின் நோட்டில் இருந்தது. இரண்டையும் வாங்க வேண்டுமென்றால் எதற்கென்று சொல்ல வேண்டும்.

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, வேறு நேரம் கிடைக்காது என்பதால்தான், மேஸ்திரியிடம் போய் டப்பாவைக் கேட்டேன்.

“என்ன, திரும்பக் காலா?”

“இல்ல. அந்தச் செவப்புக் கறுப்பு அட்டை வேணும். நான் அதைச் சாப்பிட்ட தேதியும் வேணும். ஆஸ்பத்திரியில காட்டணும்.”

“ஆஸ்பத்திரியிலயா? எவனாவது செத்துட்டானா? என் பேரை எழுதிடுவானுங்களாடா?”

ஒரு கழியில் சாய்ந்துகொண்டு சொன்னேன். எங்கே போகிறேன், எதைக் கொடுக்கிறேன், எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், எல்லாம். இருபது பேர் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தார்கள். பிறகு ஒருவன் தட்டைத் தள்ளி வைத்தான். “சாப்பிடற நேரத்துல சொல்றான் பாரு!” என்றான். அவ்வளவுதான். சிரிப்பு வெடித்தது.

“டேய், இவன் வயித்துக்குள்ள தங்கச் சுரங்கம்டா!”

“எடை போட்டு வாங்கறாங்களாமே. அறுபது கிராமுக்கு மேல போனா மிச்சத்தைத் திருப்பித் தருவாங்களா?”

“நாலாவது படமாம். பரிசு குடுத்தாங்களாடா?”

“ஒட்டகம்னு சும்மாவா பேரு வெச்சோம்? அதோடது அடுப்பெரிக்கக்கூட ஆகும்ல!”

மேஸ்திரிக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். இத்தனை நாள் எதற்குப் பயந்து பின்வாசலில் பதுங்கிப் போனேனோ அது இதுதான். வந்துவிட்டது. அது ஒன்றும் அவ்வளவு வலிக்கவில்லை. மழையில் நனைகிற மாதிரி இருந்தது.

ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, “மாத்திரை சாப்பிடலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களாண்ணே?” என்றான்.

“ஆமா.”

“அது கேட்டுச்சு, நீங்க இல்லைன்னீங்க.”

“ஆமா.”

“சரி. அன்னைக்கு என்னை எதுக்குண்ணே அறைஞ்சீங்க?”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“நான் கட்டாமலே கட்டிட்டேன்னு சொன்னேன். அதுக்குத்தானே?”

“அதுக்குத்தான்.”

“ஒண்ணுமில்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி சோற்றில் கை வைத்தான். எழுந்து வந்து திருப்பி ஒன்று அறைந்திருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி டப்பாவைக் கிளறி அட்டையை எடுத்துக் கொடுத்தார். இன்னும் நாலு கேப்சூல் பாக்கியிருந்தது. வருகை நோட்டில் அந்த ஐந்து நாளும் என் பெயருக்கு நேராக ‘கால் நோவு, கீழே வேலை’ என்று அவர் கையால் எழுதியிருந்தார். அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். “நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதடா” என்றார் தாழ்ந்த குரலில். சொன்னேன். ஆஸ்பத்திரியில் அதையும் சொல்லிவிட்டேன்.

வங்கி முன்னறையில் அந்தப் பெண் மட்டும் இருந்தது. “என்ன சார், இன்னைக்கு உங்க நாள் இல்லையே” என்றது. அட்டையை மேசைமேல் வைத்தேன். அது எடுத்து, திருப்பி, சின்ன எழுத்தில் இருந்த பெயரைப் படித்தது. பிறகு என் காலைப் பார்த்தது. நான் சொல்வதற்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் சொன்னேன். எத்தனை, எத்தனை நாள், யார் கொடுத்தது, திரும்ப எப்போது வந்தேன்.

திட்டும் என்று நினைத்தேன். அழும் என்றுகூட நினைத்தேன். அது எழுந்து போய் என் ஃபைலை எடுத்து வந்தது. நான் அன்றைக்குப் பொய் சொன்ன கேள்வித்தாளைப் பிரித்து, மூன்றாம் பக்கத்துக்கு வந்து, புதுத்தாள் ஒன்றை அதன்மேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றியது.

“கடந்த மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன மாத்திரை?”

அட்டையைக் காட்டினேன். எழுதிக்கொண்டது.

“எத்தனை?”

“பத்து.”

“கேட்டப்ப ஏன் சொல்லல?”

அந்தக் கேள்வி தாளில் இல்லை. என்ன சொல்வது? நீ என்னை சார் என்று கூப்பிட்டாய், அதனால் என்றா?

“போகச் சொல்லிடுவீங்கன்னு” என்றேன்.

பேனா கொஞ்சம் நின்றது. “அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர், பஸ் டிரைவர், ரெண்டாவது தடவையும் முழுங்கினாரு, தெரியுமா? உங்க பேட்ச்லயே. முதல் தடவை அளவு பத்தலையோன்னு நான்தான் இன்னொரு முப்பது குடுக்கச் சொன்னேன். வேண்டாம், பிடிக்கலன்னவரை உக்கார வெச்சுப் பேசி முழுங்க வெச்சேன்.” எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பியது. “கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கோணல்தான். அன்றைக்கு எழுத்தே தெரியவில்லை.

“இன்னொரு தடவை.”

போட்டேன்.

“இதை டாக்டர்ட்ட குடுக்கணும். உங்களைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. இனிமே நீங்க வர வேண்டாம்.” ஃபைலை மூடியது. “போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க.”

சார் என்று எந்த இடத்தில் வர வேண்டுமோ அந்த இடமெல்லாம் காலியாக இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தியதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தேன்.

அந்தப் பெண் பத்து நாளில் லேப்புக்குள் போய்விட்டது என்று அக்கா சொன்னாள். பஸ் டிரைவருக்கு வேறு ஆளுடைய கேப்சூல் கொடுத்திருக்கிறார்களாம். விரிப்பு குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். “அதைக் கேக்க உனக்கு வாய் வருதா?” என்றாள். பிறகு, போகும்போது, “நாலு” என்று மட்டும் சொன்னாள்.

வேலையிடத்தில் எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் ஐந்தாவது மாடிக்குச் சாரம் ஏற்றினோம். மூலைக் கழியை நானே பிணைத்துவிட்டு, “வரலாம்” என்றேன். ரேடியோ ஏறி வந்தான். வழக்கமாகப் பேசிக்கொண்டே தாவி ஏறுகிறவன், அன்றைக்குக் குறுக்குக் கழியில் கால் வைக்கும் முன் நின்றான். கையை நீட்டி என் முடிச்சைப் பிடித்து இழுத்தான். ஒருமுறை. பிறகு உடம்பைச் சாய்த்து இன்னொரு முறை. முடிச்சு அசையவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த பூச்சுக்காரனும் நின்று, அதே முடிச்சை, அதே மாதிரி இழுத்துப் பார்த்துவிட்டு மேலே ஏறினான்.